சிறு நிரல் நூலகத்தில் தேதியும் நேரமும்

தேதி-நேர நூலகம் என்பது நாள், மணி, மாதம், ஆண்டு ஆகியவற்றைக் கணக்கிடவும், ஒப்பிடவும், எழுதிக் காட்டவும் தேவையான செயற்கூறுகளை ஒரே இடத்தில் திரட்டித் தரும் நிரல் தொகுப்பாகும். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகள் அனைத்திலும் இதற்கான அடிப்படை வசதிகள் உள்ளன. ஆயினும் ஒரு நிறுவனமோ கூட்டுறவுச் சங்கமோ தன் தேவைக்கேற்ப அவற்றின் மேல் ஒரு சிறு நூலகத்தை எழுதிக்கொள்வது வழக்கம். ஷிப்டு நாள், நிதியாண்டு, பட்டுவாடா காலம், தமிழ் மாதம் போன்றவை எந்த மொழியிலும் ஆயத்தமாகக் கிடைப்பதில்லை.

இத்தகைய நூலகங்களில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை கணிதப் பிழைகள் அல்ல. 'நாள்' என்ற ஒரே சொல்லால் வெவ்வேறு பொருள்களைக் குறிப்பதால் அவை நேர்கின்றன. கோயம்புத்தூரும் அதைச் சூழ்ந்த கொங்கு மாவட்டங்களும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இங்கு பால் கறவை விடியும் முன்பே தொடங்குகிறது. நூற்பாலைகள் நள்ளிரவைத் தாண்டி ஓடுகின்றன. திருப்பூரின் பின்னலாடைகள் வேறு நேர வலயங்களில் உள்ள நாடுகளுக்குச் செல்கின்றன. தேதி ஒரு நாள் தவறினால் ஒருவரின் கூலியோ பால் பணமோ தவறும்.

மூன்று வகை மதிப்புகள்

நூலகம் எழுதத் தொடங்கும்முன் மூன்று மதிப்புகளைப் பிரித்தறிய வேண்டும்.

1. கணம்: உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு நொடி. ஒரு தொழிலாளி வருகைப் பதிவுக் கருவியில் விரல் வைத்த நொடி ஒரு கணம். அதைக் கோவையில் ஒரு நேரமாகவும் லண்டனில் வேறு நேரமாகவும் படிக்கலாம். கணம் ஒன்றே.

2. நாட்காட்டி நாள்: மணியும் நேர வலயமும் இல்லாத வெறும் தேதி. பிறந்த தேதி, விடுமுறை நாள், தவணை நாள் ஆகியவை இவ்வகை. 2007 ஆகஸ்ட் 15 அன்று பிறந்தவர் எந்த நாட்டுக்குச் சென்றாலும் அவரது பிறந்த தேதி மாறாது.

3. கணக்கு நாள்: ஒரு தொழிலோ சட்டமோ மரபோ தன் வசதிக்காக வகுத்துக்கொண்ட நாள். ஆலையின் ஷிப்டு நாளும் சூரிய உதயத்தில் தொடங்கும் பஞ்சாங்க நாளும் இவ்வகை.

பேச்சுத் தமிழிலேயே இந்தச் சிக்கல் உண்டு. "திங்கட்கிழமை ராத்திரி 12 மணிக்கு" என்றால் திங்கள் முடியும் நள்ளிரவு என்றே பலரும் கொள்வர். கணினி திங்கள் தொடங்கும் நள்ளிரவு எனக் கொள்ளும். நள்ளிரவுக்குப் பின் ஈரோட்டிலோ சேலத்திலோ ரயில் ஏறுபவர்கள் பயணச்சீட்டின் தேதியில் குழம்புவதும் இதனால்தான். மனிதர் கேட்டுத் தெளிவார். நிரலுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

ஐந்தரை மணி நேர இடைவெளி

இந்திய சீர் நேரம் 82.5 பாகை கிழக்கு நெடுவரையை அடிப்படையாகக் கொண்டது. இது யூடிசி எனப்படும் ஒருங்கிணைந்த உலக நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. கணினிகள் பொதுவாக நேரத்தை 1970 ஜனவரி 1, யூடிசி 0 மணி முதல் கடந்த நொடிகளாக எண்ணுகின்றன. அந்தத் தொடக்கப் புள்ளி இந்திய நேரப்படி அதிகாலை 5.30 ஆகும். ஒரு திரையில் "1 ஜனவரி 1970, 5.30" என்று தோன்றினால், தேதி இருக்க வேண்டிய இடத்தில் சுழியம் இருந்திருக்கிறது என்று பொருள்.

இந்தியாவில் ஒவ்வொரு நாளும் நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5.30 வரை யூடிசி கணக்கில் இன்னும் முந்தைய நாளே நடந்துகொண்டிருக்கும். இணைய வழங்கிகள் பெரும்பாலும் யூடிசியிலேயே இயங்குவதால், வழங்கியிடம் "இன்று என்ன தேதி" என்று நேரடியாகக் கேட்கும் நிரல், அந்த ஐந்தரை மணி நேரத்தில் நேற்றைய தேதியைத் தரும். ஜாவாஸ்கிரிப்டில் நேரத்தை ஐஎஸ்ஓ வடிவச் சரமாக மாற்றி அதன் முதல் பத்து எழுத்துகளை வெட்டித் தேதியாகக் கொள்ளும் குறுக்குவழி பரவலாக உள்ளது. அந்தச் சரம் எப்போதும் யூடிசியில் இருப்பதால் அதுவும் இதே பிழையைச் செய்யும்.

அலுவலக நேரத்தில் மட்டும் பயன்படும் மென்பொருளில் இப்பிழை ஆண்டுக்கணக்கில் வெளிப்படாமல் இருக்கலாம். தொடக்கப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் அப்படி இருக்காது. அங்கு காலை, மாலை என இருவேளை பால் வாங்கப்படுகிறது. ஒவ்வொரு உறுப்பினரின் பாலும் அளக்கப்பட்டு, கொழுப்பும் கொழுப்பல்லாத திடப்பொருளும் சோதிக்கப்பட்டு, நாள்வாரியாகப் பதியப்படுகிறது. ஓர் உறுப்பினர் 2025 ஏப்ரல் 14 அன்று காலை 5.40-க்கும், மறுநாள் 15 அன்று காலை 5.20-க்கும் பால் ஊற்றுகிறார் எனக் கொள்வோம்.

- 14 காலை 5.40 என்பது யூடிசியில் 14, 0.10 மணி. பதிவாகும் தேதி 14.
- 15 காலை 5.20 என்பது யூடிசியில் 14, 23.50 மணி. பதிவாகும் தேதி மீண்டும் 14.

ஆக, 14-ஆம் தேதிக்கு இரண்டு காலைப் பதிவுகள் விழுகின்றன. 15-ஆம் தேதிக்கு ஒன்றும் இல்லை. ஒரு வேளைக்கு ஒரு பதிவு என்ற கட்டுப்பாடு தரவுத்தளத்தில் இருந்தால் இரண்டாவது பதிவு நிராகரிக்கப்படும். அன்றைய பால் கணக்கில் சேராது. அத்தகைய கட்டுப்பாடு இல்லாவிட்டாலும், பட்டுவாடா காலத்தின் எல்லை நாளில் ஒரு வேளைப் பால் முந்தைய பட்டுவாடாவுக்குள் நழுவும். தொகை சிறிதாக இருக்கலாம். ஆனால் உறுப்பினரின் கையிலுள்ள அட்டைக்கும் கணினிக்கும் கணக்கு ஒத்துவராது.

சரியான வழி எளியது. பதிவு நேரத்தை யூடிசி கணமாகவே சேமிக்க வேண்டும். தேதி தேவைப்படும்போது அந்தக் கணத்தை இந்திய நேரத்துக்கு மாற்றி, அதன் பிறகே தேதியைப் பிரித்தெடுக்க வேண்டும். இதைச் செய்ய நூலகத்தில் 'ஊர்நாள்' என்ற ஒரே செயற்கூறு இருந்து, நிரலின் மற்ற எல்லாப் பகுதிகளும் அதையே அழைத்தால் போதும்.

18.30 என்னும் தடயம்

மேற்கண்டதன் மறுபக்கம், நாட்காட்டி நாளைக் கணமாக மாற்றிவிடுவது. பயனர் ஒரு படிவத்தில் பிறந்த தேதியாக 2007 ஆகஸ்ட் 15 என்று தெரிவு செய்கிறார். உலாவி அதை இந்திய நள்ளிரவாக எடுத்துக்கொண்டு யூடிசிக்கு மாற்றி அனுப்புகிறது. தரவுத்தளத்தில் 2007 ஆகஸ்ட் 14, 18.30 மணி என்று பதிவாகிறது. பின்னர் யாரேனும் அதன் தேதிப் பகுதியை மட்டும் எடுத்து அச்சிட்டால், சான்றிதழில் பிறந்த தேதி ஒரு நாள் முன்னதாக வரும். இந்திய மென்பொருள்களின் தரவில் 18.30.00 என்ற நேரம் வரிசை வரிசையாகத் தென்பட்டால், நாட்காட்டி நாள்கள் தவறுதலாகக் கணங்களாக மாற்றப்பட்டுள்ளன என்று ஊகிக்கலாம். பிறந்த தேதியை நேர வகையில் அல்லாமல் தேதி வகையிலேயே சேமிப்பதுதான் தீர்வு.

நள்ளிரவைக் கடக்கும் ஷிப்டு

கோயம்புத்தூரின் முதல் நூற்பாலை 1888-இல் தொடங்கப்பட்டது. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. இடைவிடாது ஓடும் ஆலைகளில் ஒரு நாளின் வேலை பல ஷிப்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. இரவு 10 மணிக்குத் தொடங்கி காலை 6 மணிக்கு முடியும் ஷிப்டு எந்த நாளைச் சேர்ந்தது?

இதற்குச் சட்டம் விடை வகுத்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 57-ஆம் பிரிவின்படி, நள்ளிரவைத் தாண்டிச் செல்லும் ஷிப்டில் நள்ளிரவுக்குப் பின் செய்த வேலை முந்தைய நாளின் கணக்கில் சேரும். அத்தொழிலாளிக்கு மறுநாள் என்பது அந்த ஷிப்டு முடியும் நேரத்திலிருந்து தொடங்கும் 24 மணி நேரம். வார விடுமுறையும் அவ்வாறே கணக்கிடப்படும். கணக்கு நாள் நாட்காட்டி நாளிலிருந்து வேறானது என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டதற்கு இது சான்று.

ஆலையின் நாள் காலை 6 மணிக்குத் தொடங்குகிறது என்றால், இந்திய நேரத்திலிருந்து 6 மணி நேரத்தைக் கழித்து வரும் தேதியே ஷிப்டு நாள். 14-ஆம் தேதி அதிகாலை 3.40-இலிருந்து 6 மணி நேரம் கழித்தால் 13-ஆம் தேதி இரவு 9.40. ஷிப்டு நாள் 13.

இங்கே ஒரு பொறி உள்ளது. நேர வலயத்தைக் கவனிக்காத நிரலும் 3.40-க்கு 13 என்றே விடை தரும். அப்போது யூடிசியில் 13-ஆம் தேதி 22.10 மணி. யூடிசி நாள் இந்தியாவில் 5.30-க்கு மாறுவதும் ஆலை நாள் 6 மணிக்கு மாறுவதும் தற்செயலாக அருகருகே அமைந்ததால், பிழையான நிரல் பெரும்பாலும் சரியாகவே தோன்றும். 5.30-க்கும் 6-க்கும் இடைப்பட்ட அரை மணி நேரப் பதிவுகளில் மட்டும் அது தவறும். பால் சங்கத்தில் உடனே அகப்படும் அதே பிழை ஆலையில் மறைந்து கிடக்கும். சில பதிவுகளில் விடை சரியாக வருவதை வைத்து நிரல் சரி என்று முடிவு செய்யலாகாது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

கழித்தல் முறைக்கும் எல்லை உண்டு. 6 மணி ஷிப்டுக்கு 5.50-க்கே வந்து விரல் வைப்பவர் முந்தைய நாளில் விழுவார். இரவு ஷிப்டு முடித்து 6.02-க்கு வெளியேறுபவரின் பதிவு அடுத்த நாளில் விழும். ஆகவே தனித்தனிப் பதிவுகளைக் கொண்டு நாளை முடிவு செய்யக் கூடாது. உள்வருகையை அதற்கு மிக அருகிலுள்ள ஷிப்டுத் தொடக்கத்தோடு பொருத்தி, வெளியேற்றத்தை அந்த உள்வருகையோடு இணைத்து, ஷிப்டு தொடங்கும் நாளையே இரண்டுக்கும் தர வேண்டும்.

நேர வலயத் தரவுத்தளம்

"இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டினால் போதுமே, தரவுத்தளம் எதற்கு?" என்ற கேள்வி இயல்பானது. இந்தியாவில் கோடைக்கால நேர மாற்றம் இல்லாததால் அன்றாடப் பயன்பாட்டில் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பழைய தேதிகளிலும் வெளிநாட்டு நேரங்களிலும் அது பொய்க்கும்.

உலகின் நேர விதிகளை ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிய நேர வலயத் தரவுத்தளம் தொகுத்து வைத்துள்ளது. 2011 முதல் ஐயானா அமைப்பின் கீழ் வெளியாகும் இத்தரவுத்தளத்தைப் பால் எகெர்ட் பேணிவருகிறார். 1970 முதல் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றும் பகுதிகள் ஒரே வலயமாகக் கொள்ளப்படுவதால், இந்தியா முழுமைக்கும் 'ஆசியா/கொல்கத்தா' என்ற ஒரே பெயர்தான் உள்ளது. 'ஆசியா/கல்கத்தா' என்பது அதன் பழைய பெயர், இரண்டும் ஒன்றே. சென்னைக்கோ கோவைக்கோ தனி வலயம் இல்லை. 'ஐஎஸ்டி' என்ற சுருக்கம் இந்தியாவுக்கு மட்டுமன்றி இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் வழங்குவதால், நிரலில் அதைப் பயன்படுத்தாமல் முழு வலயப் பெயரையே தர வேண்டும்.

இவ்வலயத்தின் வரலாறு தரவுத்தளத்தில் பின்வருமாறு உள்ளது.

- தொடக்கத்தில் கல்கத்தாவின் உள்ளூர்ச் சூரிய நேரம்: யூடிசியைவிட 5 மணி 53 நிமிடம் 28 நொடி முந்தியது.
- 1870 முதல் சென்னை நேரம்: 5 மணி 21 நிமிடம் 10 நொடி.
- 1906 ஜனவரி 1 முதல் இந்திய சீர் நேரம்: 5 மணி 30 நிமிடம்.
- இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941 அக்டோபர் 1 முதல் 1942 மே 15 வரையும், 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரையும்: 6 மணி 30 நிமிடம்.

இந்த வரலாறு இன்றைய நிரல்களையும் தொடும். பைத்தானில் நெடுங்காலம் பயன்பட்ட பைடிஇசட் நூலகத்தின் வலயப் பொருளைத் தேதி-நேரம் உருவாக்கும்போதே நேரடியாகக் கொடுத்தால், அது பட்டியலின் முதல் வரியை எடுத்துக்கொண்டு 5 மணி 53 நிமிடத்தைத் தரும். கடிகாரம் 23 நிமிடம் பிசகும். அந்நூலகம் இதற்கெனத் தந்துள்ள 'உள்ளூராக்கு' செயற்கூறு வழியே செல்ல வேண்டும். அல்லது பைத்தான் 3.9 முதல் மொழியோடு வரும் 'சோன்இன்ஃபோ'வைப் பயன்படுத்த வேண்டும்.

போர்க்கால நேரம் முதியோரின் பிறந்த தேதியில் வெளிப்படும். 1943-இல் பிறந்த ஓர் ஓய்வூதியரின் தேதியை உலாவி நள்ளிரவாகக் கொண்டு, வரலாற்று விதிப்படி 6.30 மணி கழித்து, முந்தைய நாள் 17.30 யூடிசி என்று அனுப்பும். மறுமுனையில் நிலையாக 5.30 கூட்டும் நிரல் அதை முந்தைய நாள் இரவு 11 மணி என்று படிக்கும். பிறந்த தேதி ஒரு நாள் குறையும். நாட்காட்டி நாளைக் கணமாக மாற்றக் கூடாது என்ற விதியைப் பின்பற்றியிருந்தால் இச்சிக்கலே எழாது.

விதிகள் எதிர்காலத்திலும் மாறலாம். இலங்கை 1996 மே மாதம் தன் நேரத்தை 6 மணி 30 நிமிடமாகவும், அதே ஆண்டு அக்டோபரில் 6 மணியாகவும், 2006 ஏப்ரலில் மீண்டும் 5 மணி 30 நிமிடமாகவும் மாற்றியது. சிங்கப்பூரும் மலேசியாவும் 1982 தொடக்கத்தில் ஏழரையிலிருந்து எட்டு மணிக்கு மாறின. ஆகவே, நடந்து முடிந்தவற்றை யூடிசி கணமாகச் சேமிப்பது சரி. இனி நடக்கவுள்ள சந்திப்பை உள்ளூர் நேரமும் வலயப் பெயருமாகச் சேமிக்க வேண்டும். நியூயார்க்கில் காலை 10 மணிக்கு நடக்கும் வாராந்திரக் கூட்டம் கோவையில் கோடையில் இரவு 7.30-க்கும் குளிர்காலத்தில் 8.30-க்கும் வரும். அதை ஒரு முறை யூடிசிக்கு மாற்றி நிலைநிறுத்தினால் மார்ச்சிலும் நவம்பரிலும் தவறும்.

மாதம் கூட்டலும் நிதியாண்டும்

நாளைக் கூட்டுவது எளிது. மாதத்தைக் கூட்டுவது எளிதன்று. ஜனவரி 31-இல் தொடங்கும் மாதத் தவணையின் அடுத்த நாள் எது? ஜாவாஸ்கிரிப்டில் மாதத்தை மட்டும் மாற்றினால் பிப்ரவரி 31 என்பது, 2025-ஐப் பொறுத்தவரை, மார்ச் 3 ஆக உருளும். பைத்தான் பிழைச்செய்தி தரும். தவணைக் கணக்கில் மாதத்தின் கடைசி நாளுக்கு இறக்கிக்கொள்வதே பெரும்பாலும் எதிர்பார்க்கப்படுவது: பிப்ரவரி 28.

அப்போதும் ஒரு கவனம் தேவை. வந்த விடையிலிருந்தே மீண்டும் ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28, ஏப்ரல் 28 எனத் தவணை நாள் நிலையாக இறங்கிவிடும். ஒவ்வொரு தவணையையும் முதல் தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும்: ஜனவரி 31-உடன் ஒரு மாதம், ஜனவரி 31-உடன் இரண்டு மாதம் என்று. ஏலச்சீட்டு, நகைக்கடன், தவணை வாகனக்கடன் எதற்கும் இது பொருந்தும்.

இந்திய நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. மாத எண் 4-க்குக் குறைவாக இருந்தால் முந்தைய ஆண்டில் தொடங்கிய நிதியாண்டு என்பதே விதி. ஜாவாஸ்கிரிப்டில் மாத எண் சுழியத்திலிருந்து தொடங்குவதால் அங்கு ஏப்ரல் என்பது 3. இதை மறப்பவர்கள் ஏப்ரலின் கணக்கை முந்தைய நிதியாண்டில் சேர்த்துவிடுவர். சரக்கு-சேவை வரி விதிகளின்படி விலைப்பட்டியல் எண் ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது. ஏப்ரல் 1 அதிகாலை 1 மணிக்கு உருவாகும் விலைப்பட்டியலை யூடிசி தேதியால் அளந்தால் அது மார்ச் 31-இல் விழுந்து, பழைய ஆண்டின் வரிசையில் எண் பெறும்.

பருத்தி வணிகத்துக்கு இன்னொரு ஆண்டு உண்டு. பருத்திப் பருவ ஆண்டு அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரை. ஆகவே நூலகத்தில் 'நிதியாண்டு' என்று ஒரு மாதத்தை நிலையாக எழுதிவைப்பதைவிட, தொடக்க மாதத்தை உள்ளீடாகப் பெறும் ஒரே செயற்கூறு எழுதுவது மேல்.

தமிழ் நாட்காட்டி

தமிழ்ப் பயனர்களுக்கான நூலகத்தில் தமிழ் மாதமும் ஆண்டுப் பெயரும் கேட்கப்படுவது இயல்பு. இவற்றில் ஆண்டுப் பெயர் எளிது. 60 ஆண்டுச் சுழற்சியில் 'பிரபவ' 1987 சித்திரையில் தொடங்கியது. ஆண்டிலிருந்து 1987-ஐக் கழித்து 60-ஆல் வகுத்து வரும் மீதியே பட்டியலில் இடம். 2025-க்கு மீதி 38. பிரபவவைச் சுழியமாக எண்ணினால் 38-ஆவது இடத்தில் இருப்பது விசுவாவசு. சித்திரை 1-க்கு முந்தைய தேதிகளுக்கு ஓராண்டு குறைத்துக்கொள்ள வேண்டும்.

1987-க்கு முந்தைய ஆண்டுகளில் கழித்தல் எதிர்ம எண்ணைத் தரும். 1950-க்கு வருவது −37. பைத்தானின் மீதிக்குறி இதை 23 ஆக்கிச் சரியாக 'விக்ருதி'யைத் தரும். சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவை −37 என்றே தரும். எனவே அங்கு 60-ஐக் கூட்டி மீண்டும் மீதி காண வேண்டும்.

மாதப் பிறப்பு அவ்வளவு எளிதன்று. சூரியன் ஒரு ராசிக்குள் நுழையும் நேரம் சூரிய மறைவுக்கு முன்பாயின் அன்றே மாதத்தின் முதல் நாள், பின்பாயின் மறுநாள். இது தமிழக வழக்கு. கோவையிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவிலுள்ள பாலக்காட்டில் கேரள வழக்கு: பகலின் ஐந்தில் மூன்று பங்கு கடப்பதற்குள் நுழைவு நிகழ்ந்தால் மட்டுமே அன்று முதல் நாள். பிற்பகலில் நுழைவு நேரும் மாதங்களில் இரு ஊர்களுக்கும் மாதத் தொடக்கம் ஒரு நாள் வேறுபடும். தமிழகத்துக்குள்ளேயே வாக்கியம், திருக்கணிதம் என இருவகைப் பஞ்சாங்கங்கள் உள்ளன. அவற்றின் நேரங்களும் வேறுபடும். மாதத்தின் நீளம் 29 முதல் 32 நாள்கள் வரை மாறும். ஆகவே சிறு நூலகம் இதைச் சூத்திரத்தால் தோராயமாகக் கணிக்க முயலக் கூடாது. ஏற்றுக்கொண்ட பஞ்சாங்கத்தின் மாதப் பிறப்புத் தேதிகளை அட்டவணையாக வைத்து, அட்டவணைக்கு வெளியே உள்ள ஆண்டுகளைக் கேட்டால் 'தரவு இல்லை' என்று சொல்வதே நேர்மையானது.

பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. செவ்வாய் அதிகாலை 3 மணிக்குப் பிறந்த குழந்தை பஞ்சாங்கப்படி திங்கட்கிழமையில் பிறந்தது. உதயம் ஊருக்கு ஊர் மாறும். கோயம்புத்தூர் ஏறத்தாழ 76.96 பாகை கிழக்கில் உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கில், அதன் சூரிய நேரம் இந்திய சீர் நேரத்தைவிடச் சுமார் 22 நிமிடம் பிந்தியது. கோவையில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.22-க்கு. உதயத்தை எல்லா ஊருக்கும் 6 மணி என்று வைத்து இராகு காலம் கணக்கிடும் வழக்கம் பரவலாக இருந்தாலும், நூலகம் அவ்வாறு செய்தால் அதை விளக்கக் குறிப்பில் தெரிவிக்க வேண்டும்.

எழுதுதலும் படித்தலும்

05/06/2025 என்பது இந்தியாவில் ஜூன் 5. அமெரிக்காவில் மே 6. திருப்பூர் ஏற்றுமதியாளர் ஒருவரின் அனுப்புகைத் தேதி இப்படி மாறிப் படிக்கப்பட்டால் சரக்கு ஒரு மாதம் தவறும். கணினிகளுக்கிடையே ஆண்டு-மாதம்-நாள் என்ற ஐஎஸ்ஓ 8601 வரிசையையே பயன்படுத்த வேண்டும். நேரத்தையும் சேர்த்து எழுதும்போது யூடிசியிலிருந்து உள்ள இடைவெளியையும் எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக, 2025-04-14 05:20:00+05:30. மனிதர் படிக்கும் இடங்களில் "14 ஏப்ரல் 2025" என மாதப் பெயரை எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை. ஒருங்குறியில் நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றுக்கு ௳, ௴, ௵ என்ற தனித் தமிழ்க் குறிகளும் உள்ளன.

நூலகத்தின் அமைப்பு

புதிய நூலகங்கள் மேற்கண்ட மூவகைப் பாகுபாட்டை மொழியின் வகைகளாகவே தருகின்றன. 2014-இல் வெளியான ஜாவா 8, கணத்தையும் நாட்காட்டி நாளையும் வலயத்தோடு கூடிய நேரத்தையும் தனித்தனி வகைகளாக்கியது. ஜாவாஸ்கிரிப்டுக்கான டெம்போரல் முன்மொழிவும் அவ்வாறே பிரிக்கிறது. 2011 முதல் புகழ்பெற்றிருந்த மொமென்ட் நூலகம் 2020-இல் பராமரிப்பு நிலைக்குச் சென்றது. அதில் ஒரு தேதியோடு நாள் கூட்டினால் மூலத் தேதியே மாறிவிடும். அதேபோன்ற செயற்கூறுகளைக் கொண்ட, சுருக்கினால் 2 கிலோபைட் அளவேயுள்ள டேஜேஎஸ், மூலத்தை மாற்றாமல் புதிய மதிப்பைத் தருகிறது. சொந்தமாக எழுதும் நூலகமும் இவ்வாறே மூலத்தை மாற்றாமல் இருக்க வேண்டும்.

பைத்தான் 3 தமிழில் செயற்கூறுப் பெயர்களை ஏற்கும். ஒரு சிறு நூலகத்துக்குப் பின்வருவன போதுமானவை.

- இக்கணம்: நடப்புக் கணத்தை யூடிசியில் தரும்.
- ஊர்நாள்: கணத்தையும் வலயத்தையும் பெற்று நாட்காட்டி நாளைத் தரும்.
- ஷிப்டுநாள்: உள்வருகைக் கணத்தையும் ஷிப்டு அட்டவணையையும் பெற்றுக் கணக்கு நாளைத் தரும்.
- மாதம்கூட்டு: முதல் தேதியையும் மாத எண்ணிக்கையையும் பெறும்.
- கணக்காண்டு: தேதியையும் தொடக்க மாதத்தையும் பெறும்.
- ஆண்டுப்பெயர்: தமிழ் ஆண்டின் பெயரைத் தரும்.

இவற்றுள் 'இக்கணம்' மட்டுமே கணினிக் கடிகாரத்தைத் தொட வேண்டும். மற்றவை கொடுத்த மதிப்பை மட்டும் கொண்டு விடை தர வேண்டும். அப்போதுதான் நள்ளிரவு வரை காத்திராமல் நள்ளிரவுப் பிழைகளைச் சோதிக்க முடியும்.

சோதனை

தேதி-நேர நூலகத்தின் சோதனைகள் எல்லைகளில் அமைய வேண்டும். குறைந்தது பின்வரும் மதிப்புகள் சோதிக்கப்பட வேண்டும்.

- இந்திய நேரம் நள்ளிரவு 12.00, அதிகாலை 5.29, 5.30.
- ஷிப்டு மாறும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னும் பின்னும் உள்ள வருகைகள்.
- மார்ச் 31 இரவு 11.59, ஏப்ரல் 1 அதிகாலை 1.00.
- ஜனவரி 31-உடன் ஒன்று, இரண்டு, பதின்மூன்று மாதங்கள்.
- 2024 பிப்ரவரி 29. லீப் ஆண்டான 2000. லீப் ஆண்டல்லாத 1900.
- 1943-ஆம் ஆண்டின் ஒரு பிறந்த தேதி.
- 2038 ஜனவரி 19, காலை 8.44.07. நேரத்தை 32 பிட்டு எண்ணாக வைக்கும் பழைய கருவிகளின் கணக்கு இந்திய நேரப்படி அந்நொடியோடு நிரம்பிவிடும்.

இச்சோதனைகளை வழங்கியின் வலயம் யூடிசியாகவும் இந்தியாவாகவும் நியூயார்க்காகவும் இருக்கும்போது தனித்தனியே ஓட்டிப் பார்க்க வேண்டும். மூன்றிலும் ஒரே விடை வந்தால், நூலகம் தான் ஓடும் கணினியைச் சாராமல், பால் ஊற்றியவரும் ஷிப்டு பார்த்தவரும் இருக்கும் ஊரின் நாளைக் கணக்கிடுகிறது என்று கொள்ளலாம்.